கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி கேட்டவர் சென்னையில் வளர்ந்த மாணவி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வில் கோவைத் தலைமை வளாகம் கிடைக்கவில்லை. தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளத்தில் பி.எஸ்சி. ஹானர்ஸ் வேளாண்மைக்கு இடம் கிடைத்திருக்கிறது. வயலில் கால் வைத்ததே இல்லை. "அது எங்கேயோ ஓரத்தில் இருக்கிற சின்ன கேம்பஸ்" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சேரலாமா, படிப்பு எப்படி இருக்கும், விடுதிக்கு என்ன கொண்டுபோக வேண்டும், வேலை கிடைக்குமா, அம்மா பயப்படுகிறாரே, லேப்டாப் உடனே வாங்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

சேருங்கள். மற்றவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நானும் இதே பல்கலைக்கழகத்தின் சின்ன வளாகம் ஒன்றில் படித்தவன். இப்போது தென்மாவட்டத்தில் விரிவாக்கப் பணி, அதாவது வேளாண் தொழில்நுட்பத்தை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் வேலை. ஏழாவது செமஸ்டர் மாணவர்கள் கிராமத் தங்கலுக்கு எங்கள் வட்டாரத்துக்கு வருவார்கள். பெரிய வளாகத்துப் பிள்ளைகளையும் சின்ன வளாகத்துப் பிள்ளைகளையும் வயலில் வைத்தே பார்த்திருக்கிறேன், அதனால் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

கோவையின் பெருமையைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906-ல் கோவைக்குப் போனது, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. அந்த நூலகம், அந்த ஆய்வகங்கள், முதுநிலை மாணவர் கூட்டம், வாரத்துக்கொரு கருத்தரங்கு எல்லாம் அங்கேதான். ஆனால் இளநிலைப் படிப்புக்குப் பாடத்திட்டம் எல்லா உறுப்புக் கல்லூரிகளுக்கும் ஒன்று. பட்டத்தில் அச்சாவதும் பல்கலைக்கழகத்தின் பெயர். நாலு வருஷம் கழித்து வங்கித் தேர்வு எழுதும்போது நீங்கள் எந்த வளாகம் என்று வினாத்தாள் கேட்காது.

சரி, கிள்ளிகுளத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது? அது இருக்கிற இடம். இதைப் பலரும் ஒரு குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் அந்தக் கல்லூரியின் பெரிய சொத்தாகத் தெரிகிறது.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில் வல்லநாடு வரும். கல்லூரிக்கு அஞ்சல் முகவரியே வல்லநாடுதான். அங்கே நின்றுகொண்டு சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் தாமிரபரணி. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் இந்தப் பக்கம்தான். அந்தக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும். கார், பிசானம் என்று இரண்டு போகத்தின் பெயரை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். ஜூனில் தொடங்குவது கார், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவது பிசானம். வடக்கே ஓட்டப்பிடாரம் தாண்டிக் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் போனால் மண் கறுத்துவிடும். கரிசல். அங்கே ஆற்றுத் தண்ணீர் கிடையாது, வானத்தை நம்பிய மானாவாரி. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மக்காச்சோளம், மிளகாய், பருத்தி. தெற்கே சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் போனால் ரத்தச் சிவப்பில் தேரி மணல். அதில் பனையும் முந்திரியும் முருங்கையும். கிழக்கே கடற்கரைக்குப் போனால் உப்பளம், அதை ஒட்டி உவர் நிலம்.

நாலு வகை நிலமும் ஒரு பஸ் டிக்கெட் தூரம். மண்ணியல் பாடத்தில் கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊதும் என்று படிப்பீர்கள். ஒரு ஏப்ரல் மாதம் கோவில்பட்டிப் பக்கம் போய் அந்த வெடிப்புக்குள் ஒரு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். தேரி மணலைக் கையில் அள்ளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஊற்றிய வேகத்தில் கீழே இறங்கியிருக்கும். நீர்ப்பிடிப்புத் திறன் என்ற சொல்லுக்கு அப்புறம் யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இருக்கிறது, மானாவாரிக்கென்றே. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-லிருந்து. நெல்லைச் சீமையில் இட்லிக்கு எல்லாரும் கேட்கும் குண்டு அரிசி ஏ.எஸ்.டி. 16 அங்கே வந்த ரகம்தான், அந்த ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரத்தைக் குறிப்பது. பனையைப் பற்றி ஆராய்ச்சி நடக்கும் வளாகம் உங்களுடையது. இந்த வாய்ப்பெல்லாம் கையில் இருக்க, நாலு வருஷமும் விடுதி அறையில் செல்போன் பார்த்துவிட்டு "இங்கே ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் கோவையில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சின்ன வளாகம் என்றால் அன்றாடம் எப்படி இருக்கும்? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்கள் பெயர், ஊர், நேற்று வகுப்புக்கு ஏன் வரவில்லை என்பதுவரை ஆசிரியருக்குத் தெரியும். ஒளிய இடம் கிடையாது. சந்தேகம் கேட்க வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. பேராசிரியர் அறைக் கதவைத் தட்டி, "சார், இந்த இலையில் என்ன நோய்?" என்று ஒரு இலையை நீட்டலாம். பெரிய இடத்தில் இளநிலை முதலாண்டு மாணவிக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அதே சமயம் ஒரு சண்டை வந்தால் அதே முகத்தை நாலு வருஷம் மெஸ்ஸில் பார்க்க வேண்டும். வதந்திக்குக் கால் முளைக்கும் வேகமும் அதிகம். முதல் இரண்டு மாதம் யாரோடும் ரொம்ப ஒட்டாமல், யாரையும் வெட்டாமல் இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

சேர்ந்தவுடன் பாடம் தொடங்கிவிடாது. இப்போதைய ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) பாடத்திட்டத்தில் தொடக்கத்தில் இரண்டு வாரம் அறிமுக நிகழ்ச்சி உண்டு. தீக்‌ஷாரம்ப் என்று அதற்குப் பெயர். சும்மா பேச்சுதானே என்று ஊருக்குப் போய்விடாதீர்கள். பண்ணையைச் சுற்றிக் காட்டுவதும், துறைகள் எங்கெங்கே என்று தெரிந்துகொள்வதும் அப்போதுதான்.

பண்ணை என்றதும் ஒரு விஷயம். வேளாண்மைக் கல்லூரியில் ஆசிரியர் பட்டியலில் பெயர் இல்லாத ஆசிரியர்கள் உண்டு. பண்ணை மேலாளர், தினக்கூலிக்கு வரும் அக்காமார், தண்ணீர் பாய்ச்சும் அண்ணாச்சி. இவர்களோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்பது உங்கள் படிப்பையே தீர்மானிக்கும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் மூத்த ஆண்களை அண்ணாச்சி என்று கூப்பிடுவது வழக்கம், வயதான பெண்கள் என்றால் ஆச்சி. பெயர் சொல்லியோ "ஏங்க" என்றோ கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "அண்ணாச்சி, இந்த மடையை எப்போ திறப்பீங்க?" என்று கேட்டால் வருகிற பதிலே வேறு மாதிரி இருக்கும்.

வயலில் இறங்கியதில்லை என்று சொன்னீர்கள். அது தகுதிக் குறைவே இல்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளிலும் பாதிப் பேர் வரப்பில் நின்று பார்த்தவர்கள்தான். ஆனால் இந்தப் படிப்பில் ஒரு கட்டத்தில் உங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் வரும். பயிர் சாகுபடி செய்முறைப் பாடத்துக்கு வழக்கமாகத் தலைக்கு 200 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட அஞ்சு சென்ட். உழவு முதல் அறுவடை வரை நீங்களே பார்க்க வேண்டும்.

அந்த அஞ்சு சென்ட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், படிப்பின் ருசி அதில் தெரியும். குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்றால் உங்கள் துண்டுக்கு 1.2 கிலோ போதும். நைட்ரஜன் ஹெக்டேருக்கு 120 கிலோ என்று பரிந்துரை இருந்தால் உங்களுக்கு 2.4 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் நைட்ரஜன், ஆக யூரியா சுமார் 5.2 கிலோ. அதையும் ஒரே தடவையில் கொட்டக் கூடாது. நாலாகப் பிரித்தால் தடவைக்கு 1.3 கிலோ. இந்த 1.3 கிலோவை 200 சதுர மீட்டரில் சமமாக விசிறுவது இருக்கிறதே, அது காகிதத்தில் வராத கணக்கு. முதல் தடவை விசிறினால் பாதி நிலத்திலேயே தீர்ந்துவிடும். பத்து நாளில் பயிரே அதைக் காட்டிக்கொடுக்கும், ஒரு பக்கம் கரும்பச்சை, ஒரு பக்கம் வெளிர்பச்சை. அனுபவப்பட்டவர்கள் உரத்தைச் சரிபாதியாக்கி, ஒரு பாதியை நீளவாக்கில் விசிறி, மறுபாதியைக் குறுக்குவாக்கில் விசிறுவார்கள்.

நடவும் அப்படித்தான். திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி, சதுர மீட்டருக்கு 16 குத்து (நாற்று நடும் ஒவ்வொரு இடமும் ஒரு குத்து). உங்கள் துண்டுக்கு 3,200. வழக்கமான 20-க்கு 10 இடைவெளி என்றால் 10,000 குத்து. இடுப்பு எதைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். நாற்று முடியை இடது கையில் பிடித்து, வலது கை விரலால் பிரித்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடும் அக்காமாரின் வேகத்தை முதல் நாளில் பிடிக்க முயலாதீர்கள். ஆழமாக நட்டால் தூர் கட்டாது, அதாவது பக்கக் கிளை வெடிக்காது, மேலோட்டமாக நட்டால் மிதக்கும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம் என்று புத்தகம் சொல்லும், விரல் அதைக் கற்றுக்கொள்ள அரை நாள் ஆகும். விளைச்சல் ஹெக்டேருக்கு 6 டன் என்று வைத்தால் உங்கள் துண்டில் 120 கிலோ நெல் வர வேண்டும். அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடும்போது அந்த எண்ணைவிட எவ்வளவு குறைந்தது, எதனால் குறைந்தது என்று யோசிப்பீர்களே, அந்த யோசனைதான் உழவியல்.

களை எடுக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். நகரத்துப் பிள்ளைகள் நெல்லைப் பிடுங்கிவிட்டுக் குதிரைவாலிப் புல்லை விட்டுவிடுவார்கள். சின்னதில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். இலையை மெல்லக் கீழே மடக்கி, அது தண்டைத் தழுவும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் சின்ன மயிர்க் கொக்கிகள் இரண்டு. குதிரைவாலிப் புல்லில் அந்த இடம் வழுக்கை. இதை வயலில் ஒரு தடவை பார்த்துவிட்டால் எந்தத் தேர்விலும் மறக்காது. ஒரு உருப்பெருக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கட்டாயம் வாங்கிவிடுங்கள். முதலாண்டில் நீங்கள் வாங்கும் பொருள்களில் இதற்குத்தான் பயன் அதிகம்.

களைச் செடி சேகரிப்பு, பூச்சி சேகரிப்பு இரண்டும் உங்களை அலைக்கழிக்கும். கடைசி வாரத்தில் சீனியரின் பழைய பெட்டியை வாங்கி லேபிளை மாற்றி ஒட்டுவது எல்லா வளாகத்திலும் நடக்கும் ரகசியமில்லாத ரகசியம். செய்யாதீர்கள் என்று உபதேசம் பண்ணவில்லை, செய்ய வேண்டிய தேவையே உங்களுக்கு வராது என்கிறேன். முதல் மழை பெய்த ராத்திரி விடுதி விளக்கடியில் போய் நின்றால் போதும். பிள்ளைப்பூச்சி, சாண வண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு, எல்லாம் தானாகவே வந்து விழும். வண்டுக்கு ஊசி வலது பக்க மேலிறகில் குத்த வேண்டும், நடுவில் அல்ல. வெட்டுக்கிளிக்குக் கழுத்துக்குப் பின்னால் வலது பக்கம், பட்டாம்பூச்சிக்கு நெஞ்சின் நடுவில். எங்கே, எப்போது பிடித்தது என்ற சீட்டை அன்றைக்கே எழுதிவிடுங்கள். சீட்டு இல்லாத பூச்சிக்கு மதிப்பெண்ணும் இல்லை, மரியாதையும் இல்லை. களைச் செடியைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைப்பீர்கள், அந்தத் தாளை முதல் நாலு நாள் தினமும் மாற்ற வேண்டும். நீங்கள் சேருவது மழைக்காலமாக இருந்தால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

படிப்பின் சட்டகத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷம், எட்டு செமஸ்டர். பாடத்துக்குப் பக்கத்தில் 2+1 என்று போட்டிருக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு, ஒரு செய்முறை என்று அர்த்தம். செய்முறை ஒன்று என்று போட்டிருந்தாலும் அது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. முதல் வருஷம் உழவியல், மண்ணியல், தோட்டக்கலை, கிராமப்புறச் சமூகவியல் என்று எல்லாவற்றிலும் அடிப்படை. ஒரே செமஸ்டரில் பாடங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மலைப்பு வரும். தனித்தனியாக எதுவும் கடினமில்லை, மொத்தமாகச் சேரும்போதுதான் மூச்சு முட்டும். ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே முடித்துக் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு நவம்பர், டிசம்பரில் தூக்கம் கிடைக்கும். முதல் செமஸ்டர் மதிப்பெண் கடைசிவரை சராசரியில் ஒட்டிக்கொண்டே வரும் என்பதையும் மறக்க வேண்டாம். "முதல் செமஸ்டர் தானே" என்று சொல்லும் சீனியர் யாராவது இருந்தால் அவருடைய சராசரி என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் பாடம் நடக்கும். தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் முதல் மாதம் திணறுவார்கள், உங்களுக்கு அது இருக்காது. உங்களுக்கு வருவது எதிர்ப்பக்கச் சிக்கல். சைப்பெரஸ் ரொட்டண்டஸ் என்று எழுதத் தெரியும், அதைத்தான் கோரை என்கிறார்கள் என்பது தெரியாது. டிரையாந்திமா என்று படித்திருப்பீர்கள், பக்கத்து வயல்காரர் சாரணை என்பார். ஒரு சின்ன நோட்டில் இரண்டு பெயரையும் எதிரெதிரே எழுதிக்கொண்டே வாருங்கள். பேனாவால் எழுதாதீர்கள், மழையில் கரைந்துவிடும், பென்சில்தான் வயலுக்கு. கிராமத்திலிருந்து வந்த தோழி ஒருத்தியோடு கூட்டுச் சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. அவள் உங்களுக்குச் செடியின் பெயர் சொல்வாள், நீங்கள் அவளுக்கு ஆங்கில விடையைத் திருத்தித் தரலாம். நான் பார்த்த நல்ல ஜோடிகள் எல்லாம் இப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

அந்த நோட்டு ஏழாவது செமஸ்டரில் கைகொடுக்கும். அப்போது கிராமத் தங்கல், ராவே என்பார்கள். சில மாதம் ஒரு வட்டாரத்தில் தங்கி, விவசாயிகளோடும் வேளாண்மை அலுவலர்களோடும் சேர்ந்து வேலை. ஊர் நடுவில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் போடச் சொல்வார்கள். குளம், கோயில், தெரு, கிணறு எல்லாம். மாணவர்கள் வரைய ஆரம்பித்ததும் ஒரு ஆச்சி வந்து, "எம்மா, அந்தக் கிணத்தத் தூத்து அஞ்சு வருசமாச்சு" என்பார். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும். அந்தக் கிணறு ஏன் தூர்ந்தது என்று தொடர்ந்து கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், வரைந்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் சின்ன வளாகத்துப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று வருஷமாகப் பண்ணை ஆட்களோடு பேசிப் பழகியதன் பலன் அது. 2018-ல் படைப்புழு இந்தியாவுக்கு வந்து மக்காச்சோளத்தைத் தின்ன ஆரம்பித்த பிறகு கரிசல் பக்கத்து விவசாயிகள் கேட்கும் கேள்விகள் கூர்மையாகிவிட்டன. "எந்த மருந்து?" என்பதோடு நிற்க மாட்டார்கள். "குருத்துக்குள்ள இருக்கிற புழுவுக்கு மேல அடிச்சா எப்படிச் சாகும்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் பூச்சியியல் மட்டும் போதாது, செடியைக் குருத்து குருத்தாகப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

வேலை விஷயம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக வேளாண்மை அலுவலர், ஐ.பி.பி.எஸ். வழியாக வங்கிகளில் வேளாண் கள அலுவலர், நபார்டு, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணி, மேற்படிப்புக்கு ஐ.சி.ஏ.ஆர். நுழைவுத் தேர்வு. இவை தவிர விதை, உரம், பூச்சிமருந்துக் கம்பெனிகள். அரசுப் பணி அறிவிப்பு வருஷா வருஷம் வரும் என்று எண்ணிக் காத்திருக்க முடியாது, வங்கித் தேர்வுதான் ஒழுங்காக வருகிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து தயாரானால் போதும். முதலாண்டிலேயே கோச்சிங் சேரச் சொல்லி யாராவது வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதிக்கு என்னென்ன? வாளி, மக், தட்டு, டம்ளர், கொசுவலை, நல்ல டார்ச், குடை. வெயிலுக்குத் தொப்பி. வயலுக்கென்று கிழிந்தாலும் கவலைப்படாத முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு, சேற்றில் கழுவிவிட்டு மறுபடி மாட்டக் கூடிய ரப்பர் செருப்பு. ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட். சீருடை பற்றிக் கல்லூரியே சொல்லும், அதற்கு முன்னால் எதையும் தைக்கக் கொடுக்க வேண்டாம். வெள்ளை உடை நிறையக் கொண்டுபோனால் செம்மண் அதை இரண்டே வாரத்தில் வேறு நிறமாக்கிவிடும்.

சான்றிதழ்களை அலட்சியமாக விடாதீர்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் நீங்கள் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று, இவற்றின் நகல் ஒரு பத்து செட் எடுத்து வைத்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தீர்களா என்று பாருங்கள், கட்டணமே வேறு. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022-லிருந்து கிடைக்கிறது, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024-ல் வந்தது. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் உங்கள் அறைத்தோழிக்குப் பொருந்தலாம், சொல்லுங்கள். நிறையப் பேர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அம்மாவின் பயம் எதைப் பற்றி என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக மூன்றுதான் இருக்கும். ராகிங் முதலாவது. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் உண்டு. சேரும்போது நீங்களும் பெற்றோரும் உறுதிமொழிப் படிவம் கொடுப்பீர்கள், சீனியர்களும் கொடுத்திருப்பார்கள். யு.ஜி.சி.யின் இலவச எண் 1800-180-5522, அம்மாவின் போனிலும் போட்டுவையுங்கள். சீனியர் பெயர் கேட்பதும் ஊர் கேட்பதும் ராகிங் இல்லை. உங்களைச் சிறுமைப்படுத்துவதோ பயமுறுத்துவதோ எதுவானாலும் ராகிங், அதை அன்றைக்கே வார்டனிடம் சொல்லிவிட வேண்டும். நோட்ஸ் தருபவரும் அதே சீனியர் கூட்டத்தில்தான் இருக்கிறார், எல்லாரையும் பார்த்து ஒதுங்காதீர்கள்.

இரண்டாவது பாம்பு. பண்ணை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் இருக்கும். ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது, வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த காலையோ கையையோ அசைக்காமல் நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து இருக்கும் பெரிய மருத்துவமனை அது.

மூன்றாவது ஆறு. தாமிரபரணி பார்க்க அமைதியாக இருக்கும். அணைக்கட்டுப் பக்கமும் மணல் அள்ளிய பள்ளங்களிலும் இறங்கக் கூடாது. உள்ளூர் ஆட்கள் குளிக்கும் துறை எது என்று கேட்டு அங்கே மட்டும், கரையோரமாக. 2023 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் பெய்த மழையை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். பிசானப் பருவத்தில் எச்சரிக்கை வந்தால் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பஸ் ஏறாமல் விடுதியிலேயே இருப்பது நல்லது.

அம்மாவைச் சேர்க்கை நாளில் கூட்டிவந்து விடுதியையும் மெஸ்ஸையும் காட்டுங்கள். சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் திருநெல்வேலி, அங்கிருந்து தூத்துக்குடி பஸ். ஏறும்போதே வல்லநாட்டில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள், இடையில் நிற்காத வண்டிகளும் அந்தத் தடத்தில் ஓடுகின்றன. அம்மாவுக்கு நேரம் இருந்தால் முறப்பநாடு கைலாசநாதர் கோயில் பக்கத்தில்தான், குரு தலம், ஆற்றங்கரை. வல்லநாட்டு மலையில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடி அதுதான் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புத் தோழிகளோடு போகலாம், வனத்துறையிடம் கேட்டுவிட்டு. விடிகாலையில் போனால்தான் கண்ணில் படும்.

லேப்டாப் முதல் வருஷம் வேண்டாம். ரெக்கார்டு கையால்தான் எழுத வேண்டும், கணினிப் பாடத்துக்குக் கல்லூரி ஆய்வகம் இருக்கிறது. புள்ளியியலும் திட்ட அறிக்கையும் வரும்போது வாங்கினால் போதும், அதற்குள் விலையும் குறைந்திருக்கும். அந்தப் பணத்தில் இப்போதைக்கு கைலென்ஸும் நல்ல டார்ச்சும் வாங்கிக்கொள்ளுங்கள்.